மாவு நம்முடையது, அடுப்பு அவர்களுடையது: தூத்துக்குடி விறகடுப்பு பேக்கரியில் கிறிஸ்துமஸ் கேக்

டிசம்பர் பிறந்தால் தூத்துக்குடியில் சில பழைய பேக்கரிகளுக்கு கேக் விற்பது மட்டும் வேலை இல்லை. மைதா, வெண்ணெய், சீனி, முட்டை, ஊறவைத்த பழம் எல்லாவற்றையும் நாம் கொண்டுபோய்க் கொடுத்தால், அடித்து, டின்னில் ஊற்றி, விறகடுப்பில் சுட்டுத் தருவார்கள். கூலி கிலோ கணக்கு. அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டு கேக் ஒரே கடையில்தான் வேகிறது. கடை பெயரைப் போடவில்லை. பாராட்டோடு கொஞ்சம் திட்டும் இருக்கிறது, அடுத்த வருஷமும் நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல கேக் சாப்பிட வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அலைச்சல் மிச்சம். வீட்டில் எட்டு வயதிலிருந்து எழுபத்தெட்டு வயது வரை இருக்கிற பத்துப் பேரையும் ஒரு மாசம் ஒரே காரியத்தில் பிடித்துவைக்க வேண்டும் என்றால், இதற்கு ஈடான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. பண்டிகைகளில் எனக்கு கிறிஸ்துமஸ்தான் ரொம்பப் பிடிக்கும். ஏன் என்று யோசித்தால் புதுத்துணி, குடில், நள்ளிரவுப் பூசை எல்லாவற்றுக்கும் முன்னால் நினைவுக்கு வருவது இந்த கேக் வேலைதான்.

நடைமுறை இப்படி. டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாளன்று டோக்கன் கொடுக்க ஆரம்பிப்பார்கள். டோக்கன் என்றால் பிஸ்கட் அட்டைப்பெட்டியைச் சதுரமாக வெட்டி, எண் எழுதி, கடை முத்திரை குத்தியது. என்றைக்கு, காலையா, மதியமா, ராத்திரியா என்பதும் அதிலேயே இருக்கும். 22, 23 தேதிகளுக்கு அடிதடி நடக்கும். என்னைக் கேட்டால் 18, 19 போதும். பழ கேக்கைச் சுட்ட அன்றைக்கே சாப்பிட்டால் ருசி தனித்தனியாகத்தான் தெரியும். நாலைந்து நாள் மூடிவைத்தால் பழத்தின் ஈரம் கேக்கில் இறங்கி எல்லாம் ஒன்றாகிவிடும்.

குறைந்தது இரண்டு கிலோ மாவு இருக்க வேண்டும். போன வருஷம் கிலோவுக்கு 110 ரூபாய் வாங்கினார்கள். எடை போடுவது எல்லாம் சேர்த்து அடித்த பச்சை மாவை. வெந்த பிறகு எடை குறையும் என்பதால், "அஞ்சு கிலோவுக்குக் காச வாங்கிட்டு நாலரைதான் குடுக்கீங்க" என்று யாராவது சண்டை பிடிப்பதை ஒவ்வொரு டிசம்பரிலும் கேட்கலாம். ஆவியாகப் போன தண்ணீரை அண்ணாச்சி எங்கே போய்ப் பிடித்துக்கொண்டு வருவார்? டின் அவர்களுடையது என்றால் தனியாக முன்பணம் கட்ட வேண்டும்.

இனி அடுப்பு. கடையின் பின்பக்கம், செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய ஒரு குகை. வாய் சின்னது, உள்ளே ஆள் படுக்கலாம். உடைமர விறகை உள்ளேயே போட்டு எரிப்பார்கள். செங்கல் முழுக்க சூடு ஏறிய பிறகு, கங்குகளை ஒதுக்கி, ஈரச்சாக்கு கட்டிய கம்பால் தரையைத் துடைத்துவிடுவார்கள். அதன் பிறகு அங்கே தீ கிடையாது. செங்கல்லில் நின்ற சூடுதான் எல்லாவற்றையும் வேகவைக்கிறது. சூடு உச்சத்தில் இருக்கும்போது ரொட்டி, பன். கொஞ்சம் தணிந்ததும் கேக். அதுவும் முடிந்து அடுப்பு களைத்துப்போன நேரத்தில் மக்ரூன். மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப்பொடியும் மட்டும்தான், அது வேகுவதைவிட மெல்லக் காய வேண்டும். சூடு கூடினால் பழுத்துவிடும். நம்முடைய கேக் ரொட்டிக்கும் மக்ரூனுக்கும் நடுவில் போகிறது என்பதால், ரொட்டி வேலை தாமதமானால் நாமும் காத்திருக்க வேண்டியதுதான். மாஸ்டரிடம் வெப்பமானி எதுவும் இல்லை. ஒரு காகிதத் துண்டை உள்ளே போட்டு அது எவ்வளவு நேரத்தில் பழுப்பாகிறது என்று பார்ப்பார், "இன்னும் பத்து நிமிசம் போவட்டும்" என்பார். அவ்வளவுதான்.

மக்ரூனால் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. வெள்ளைக்கரு எல்லாம் மக்ரூனுக்குப் போய்விடுவதால் கடையில் மஞ்சள்கரு மிஞ்சும். கேட்டால் மலிவாகக் கொடுப்பார்கள். எங்கள் அளவு சுலபமானது: மைதா, வெண்ணெய், சீனி தலைக்கு ஒரு கிலோ, முட்டை இருபது, பழமும் முந்திரியுமாக ஒன்றேகால் கிலோ. அதற்கு மேல் அம்மா அங்கேயே ஒரு கிண்ணம் மஞ்சள்கரு வாங்கி ஊற்றச் சொல்வார். கேக்கின் நடுப்பகுதி மறுநாளும் மிருதுவாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது அவர் கட்சி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பேக்கரிக்குப் போவது கடைசி நாள் வேலை. அதற்கு முந்தைய மூன்று வாரம் வீட்டில் நடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து இட்லி சாப்பிட்ட கையோடு பழம் நறுக்க உட்காருவோம். உலர்திராட்சை, கருப்புத் திராட்சை, பேரீச்சை, செர்ரி, இஞ்சி முரப்பா, சீனிப்பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல். அப்பாவுக்குத் திராட்சையின் காம்பு கிள்ளும் வேலை. எழுபத்தெட்டு வயதில் சீனி நோய் மாத்திரை சாப்பிடுகிறவரிடம் அதைக் கொடுக்கலாமா என்றால் கொடுக்கக் கூடாதுதான். ஆனால் வேறு எந்த வேலையும் வாங்க மாட்டேன் என்கிறார். பேரீச்சை கத்தரிக்கோலில் ஒட்டும், எண்ணெய் தடவித் தடவி வெட்ட வேண்டும். அது என் மகளுக்கு. எட்டு வயது மருமகனுக்கு முந்திரியை இரண்டாகப் பிளக்கும் வேலை. நாலு பிளந்தால் ஒன்று வாய்க்குப் போகும் என்று கணக்குப் போட்டே கூடுதலாக வாங்குகிறோம்.

அப்புறம் ரம் பிரச்சினை. பழத்தை ரம்மில் ஊறவைத்தால்தான் கேக் என்பது அண்ணன். கோவிலுக்குப் போய்வந்த வாயில் சாராயம் படக்கூடாது என்பது பெரியம்மா. இந்த வழக்கு எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடக்கிறது, தீர்ப்பு வந்தபாடில்லை. அதனால் இரண்டு பீங்கான் ஜாடி. பெரியதில் ரம், சின்னதில் ஆரஞ்சுச் சாறு. சாறு மூன்று வாரம் வெளியே தாங்காது, அந்த ஜாடி குளிர்பதனப் பெட்டிக்குள் போகும். அதுவும் கடைசி நாலு நாளைக்குத்தான் ஊறும். ரம் இல்லாத கேக்குக்கு அடையாளமாக நடுவில் ஒரு முழு முந்திரி பதிப்போம். போன வருஷம் பெரியம்மா, தன் பங்கு தீர்ந்த பிறகு, முந்திரி இல்லாத கேக்கிலும் ஒரு துண்டு எடுத்ததை நான் பார்த்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

மதினி கோவில்பட்டிக்காரர், தீபாவளி கொண்டாடும் குடும்பத்திலிருந்து வந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் கேக் வேலையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். சீனியைக் கருக்கும் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அதில்தான் எல்லோருக்கும் பயம். தண்ணீர் இல்லாமல் சீனியை இரும்புச் சட்டியில் உருக்கி, பொன்னிறம் தாண்டி, செம்பு நிறம் தாண்டி, புகை கிளம்பும் அந்த நொடியில் சுடுதண்ணீரை ஊற்ற வேண்டும். முந்தினால் கேக்கில் நிறம் ஏறாது, பிந்தினால் கசப்பு. ஊற்றும்போது சட்டி சீறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். அதிரசத்துக்குப் பாகுப் பதம் பார்த்துப் பழகிய கை அவருக்கு. முதல் தடவையே சரியாக இறக்கினார். அன்றிலிருந்து அந்தச் சட்டியை வேறு யாரும் தொடுவதில்லை. அண்ணனோடு பெங்களூரிலிருந்து அவர் வந்து சேரும்வரை சீனி டப்பாவிலேயே காத்திருக்கும். தீபாவளிக்கு அம்மாவும் நானும் கோவில்பட்டியில் முறுக்கு பிழிந்துவிட்டு வந்திருக்கிறோம், அதனால் கணக்கு நேர்தான்.

சுடும் நாளில் வீட்டோடு பேக்கரிக்குப் போவோம். இதைச் சேவையின் ஒரு பகுதியாகவே மதிப்பிடுகிறேன், ஏனென்றால் வாசலில் கிடக்கும் இரண்டு பெஞ்சில்தான் பாதி கிறிஸ்துமஸ் நடக்கிறது. கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபைக்காரர்களும் தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பார்கள். யார் மகளுக்கு வரன் அமைந்தது, யார் வீட்டுப் பையன் கப்பலில் ஏறினான், யார் வீட்டில் இந்த முறை வெண்ணெய்க்குப் பதில் டால்டா என்பது வரை அங்கே தெரிந்துவிடும். மாஸ்டர் மாவைக் கரண்டியில் எடுத்துச் சரித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், மாவு கொஞ்சம் இளக்கமா இருக்கே, முட்ட பெருசோ?" என்பார். ஒரு கை மைதா சேர்ப்பார். பழத்தைப் போடும் முன் அதன் மேலும் மைதாவைத் தூவிப் பிசறிவிடுவார், இல்லையென்றால் பழம் எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த மாதிரிக் கைப்பக்குவத்துக்குத்தான் அந்த 110 ரூபாய்.

இப்போது குறைகள். அடிக்கும் இயந்திரம் ஒன்றுதான். ஒரு வீட்டு மாவை வழித்தெடுத்த பிறகு ஒப்புக்குத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டு மாவைப் போடுகிறார்கள். முந்தைய வீட்டு ஏலக்காயோ, எசன்ஸோ நம் கேக்கில் லேசாக எட்டிப்பார்க்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இது விளையாட்டு விஷயம் இல்லை. காலை முதல் முறைக்கு டோக்கன் வாங்குவதுதான் வழி, அப்போது உருளி கழுவிக் காய்ந்திருக்கும். அல்லது மாவை வீட்டிலேயே அடித்துக்கொண்டு போகலாம், சுடுவதற்கு மட்டும் கூலி குறைவு. அம்மாவின் மாமியார் காலத்தில் மர அகப்பையால் கையாலேயே அடிப்பார்களாம், ஒரே திசையில், கை மாற்றி மாற்றி. எங்களுக்கு அந்தத் தோள் இல்லை.

அடுப்பின் பின்சுவரை ஒட்டி வைக்கும் டின்களுக்கு அடி கருகும். கேட்டால் "லேசா செவந்திருக்கு" என்பார்கள். செவந்திருக்கவில்லை, கருகியிருக்கிறது. டின்னுக்குள் பட்டர் பேப்பரை இரண்டு அடுக்காகப் போட்டு, வெளியே செய்தித்தாளைச் சுற்றிக் கொடுத்தால் தப்பிக்கலாம். நம்முடையதை நடுவில் வைக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய குறை, டின் மாறுவது. ஒரு வருஷம் எங்களுக்கு வேறு யார் வீட்டு கேக்கோ வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஏற்றுமதி செய்யலாம் என்கிற அளவுக்குக் கிராம்பு போட்டிருந்தார்கள். திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், கல்லாவில் இருந்தவர், "எல்லாம் கேக்குதான டீச்சர்" என்றார். மூன்று வாரம் பத்துப் பேர் உட்கார்ந்து செய்ததை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் பத்தாம் வகுப்பு மாணவனாக இருந்தால் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன். கடைசியில் அந்த வீட்டுக்காரர்களே டின்னோடு எங்களைத் தேடி வந்தார்கள். அவர்கள் கேக்கில் ஒன்றை எங்களுக்குக் கொடுத்து, எங்களுடையதில் ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். இப்போது டிசம்பருக்கு டிசம்பர் அந்த வீட்டிலிருந்து ஒரு கேக் வருகிறது, கிராம்பு குறையவில்லை. இதில் கடைக்கு எந்தப் பெருமையும் இல்லை. டின்னில் எனாமல் பெயின்டால் நாங்களே அடையாளம் போட்டுக்கொண்டோம், கடை இன்றுவரை ஒரு சீட்டுக்கூட ஒட்டுவதில்லை.

கடையில் வாங்கும் பிளம் கேக்கோடு ஒப்பிட்டால் எப்படி என்று கேட்பீர்கள். பெங்களூரிலிருந்து அண்ணன் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய கடை கேக் வாங்கி வருவார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். வாங்கின கேக்கில் பழம் அதிகம், ஈரம் அதிகம், வெட்டினால் துண்டு உதிராது. எங்களுடையது மேலோடு கொஞ்சம் தடிப்பு, முதல் நாள் லேசான வறட்சி, ஆனால் விறகடுப்பின் மெல்லிய புகைவாசம் எந்தப் பெட்டி கேக்கிலும் கிடையாது. நாலாம் நாளுக்கு மேல் எங்களுடையது ஏறிவிடும். இந்த மாதிரி கேக்கை நம் பக்கத்து அடுப்பில் சுடும் வித்தை ஒன்றும் புதிதில்லை. 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர், இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கை ஒரு தோட்டத் துரை காட்ட, அதைப் பார்த்து, உள்ளூர்ச் சரக்கை வைத்துச் செய்துகொடுத்ததைத்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்கிறார்கள். துரைக்கு அது பிடித்துப்போய் இன்னும் ஒரு டஜனுக்கு ஆர்டர் கொடுத்தாராம்.

வீட்டு மின்சார அடுப்பிலும் முயற்சி நடந்தது. நல்ல கேக்தான் வந்தது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு டின்தான் வேகும், ஐந்து கிலோ மாவுக்கு ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும், நடுவில் கரண்ட் போனால் கேக்கின் நடு அமுங்கிவிடும். எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள், மதினியும் நானும் மட்டும் அடுப்பைக் காவல் காத்தோம். மறுவருஷம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்தக் கடைக்கு நான் தனியாக மதிப்பெண் போடும் இடம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது, தூத்துக்குடியில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. எங்கள் டோக்கன் 19ஆம் தேதிக்கு. மின்சாரம் இல்லை, அண்ணன் வர வேண்டிய ரயில் ரத்து, கீழே இருந்த மைதா மூட்டையில் தண்ணீர். பழ ஜாடியை மட்டும் அப்பா எப்போதோ பரண்மேல் ஏற்றிவிட்டார். பாஸ்போர்ட்டும் பத்திரமும் இருந்த பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அதை அண்டை வீட்டுப் பையன் வந்துதான் தூக்கி வைத்தான்.

பேக்கரி அடுப்புக்குள்ளும் தண்ணீர் ஏறியிருந்தது. நனைந்த செங்கல் அடுப்பை உடனே முழுத் தீயில் எரிக்க முடியாது, வெடித்துவிடும். சுள்ளி போட்டு நாள்கணக்கில் மெல்லக் காயவைக்க வேண்டும். அந்த கிறிஸ்துமஸுக்கு ஊரில் பல வீடுகளில் கேக் கிடையாது. பூசைக்குப் போனோம், வந்தோம், பிரட்டும் ஜாமும் சாப்பிட்டோம். ஜனவரி பிறந்து கடையிலிருந்து அழைப்பு வந்தது: அடுப்பு காய்ந்துவிட்டது, பழைய டோக்கன் செல்லும், வரிசைப்படி வாருங்கள், கூலி பாதி. மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தைய நாள் எங்கள் முறை. அண்ணன் குடும்பம் அதற்காகவே விடுமுறை போட்டுக் கிளம்பி வந்தது. அதிகம் ஊறிய பழம், அதிகம் காய்ந்த அடுப்பு. நாங்கள் சாப்பிட்டதிலேயே அதுதான் நல்ல கேக் என்பது வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம். பெரியம்மா உட்பட.

25ஆம் தேதி காலை இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் முடிந்ததும் கேக் தட்டுகள் தெருவுக்குக் கிளம்பும். ஐந்து கிலோவில் வீட்டுக்கு மிஞ்சுவது இரண்டு டின்தான். தட்டுத் தூக்குவது பிள்ளைகள் வேலை, எந்த வீட்டில் காசு கொடுப்பார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

மதிப்பெண் என்றால், சுடும் பக்குவத்துக்கு ஐந்துக்கு நாலு. சுத்தத்துக்கு இரண்டரை. பேச்சுக்கு மாஸ்டருக்கு ஐந்து, கல்லாவுக்கு ஒன்று. வெள்ளத்துக்குப் பிறகு டோக்கனை மதித்ததற்காக மொத்தத்தில் நாலு.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சின்னக் குடும்பம் என்றால் பக்கத்து வீட்டோடு கூட்டுச் சேர்ந்து ஒரு டோக்கன் வாங்குங்கள், இரண்டு கிலோ கணக்கு வந்துவிடும். வெண்ணெயை முந்தின ராத்திரியே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், கட்டியாகக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். சுட்ட டின்னை சூட்டோடு மூடாதீர்கள், வியர்த்துவிடும். போன கையோடு மக்ரூன் வாங்குவதாக இருந்தால் அன்றைக்குப் போட்டதா என்று கேட்டு வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். நம் ஊர்க் கடல்காற்றில் ஒரு மணி நேரம் திறந்திருந்தால் கையில் ஒட்டும். முட்டையை ஆட்டோவின் பின்னால் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். பில் தர மாட்டார்கள், ஜிபே உண்டு.